பதில் சொல்லாத அம்மாவிடம் பேசப் போனேன்

என் மகளை நான் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறைக்கு என் கணவரின் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள். அவள் பையிலிருந்த அழுக்குத் துணிகளை எடுத்து நான் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவள், "நான் அத்தை வூட்டுலயே இருந்துக்கறேம்மா. அங்கயே ஸ்கூல்ல சேத்து வுட்டுருங்க" என்றாள்.

விருந்துக்குப் போய்வந்த எந்தக் குழந்தையும் சொல்லும் பேச்சுதான். அதற்கு அடுத்து எனக்கு நினைவிருப்பது, என் கணவர் பின்னாலிருந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. எத்தனை முறை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு கணவரிடம் கேட்டேன். "நானென்ன எண்ணிட்டா இருந்தேன்" என்றார்.

நான் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினாறு வருடமாக அடுத்தவர் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. அந்தப் பெருமையும் எனக்கு உண்டு. அதனால் என்னைப் பயமுறுத்தியது கோபம் அல்ல, நினைவில்லாமல் போனதுதான்.

தருமபுரியில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் சாப்பிட்டேன். நன்றாகத் தூக்கம் வந்தது. நான்காவது முறை போனபோது, "ஏன் அடிச்சேன்னு இன்னும் தெரியலைங்க டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாத்திரைக்கு அது தெரியாதுங்க டீச்சர். சேலத்துல ஒரு அம்மா இருக்காங்க. உளப்பகுப்பாய்வு பண்றவங்க, பேச வெச்சே மனசைப் பாக்கற வைத்தியம். வருஷக்கணக்குல ஆகும். போறீங்களா?" என்று கேட்டார்.

வருடக்கணக்கு என்றதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நமக்கு ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன். படித்தவள், புத்திசாலி, எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

சேலத்தில் அந்த அம்மாவின் வீடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்தது. போர்டு எதுவும் கிடையாது. அறுபது வயதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, காதில் சின்னத் தோடு. காப்பி கொடுப்பார், எந்த ஊர், என்ன ஏது என்று விசாரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முன்னறையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். எதிரில் உட்கார்ந்தார். நான் சொல்வதைக் கேட்டார். மூன்று முறை அப்படி எதிரெதிராக உட்கார்ந்து பேசினோம். மூன்றாவது முறை முடிவில், வாரத்துக்கு இரண்டு நாள், புதன் மாலை ஐந்தேமுக்கால், சனி காலை பத்து, ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம் என்று சொன்னார். நேரம் மாறாது.

"ஒரு ஆறு மாசத்துல சரியாயிடுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க" என்றார்.

அதற்கு அடுத்த முறை திவானைக் காட்டினார். நான் படுத்துக்கொள்ள வேண்டும். அவர் என் தலைமாட்டுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காருவார். நான் அவரைப் பார்க்க முடியாது. "மனசுல என்ன வருதோ அத அப்படியே சொல்லுங்க. சம்பந்தமில்லாம இருந்தாலும் சரி, அசிங்கமா இருந்தாலும் சரி, என்னைப் பத்தியா இருந்தாலும் சரி. இங்க உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை" என்றார்.

கல்யாணமான பொம்பளை முன்பின் தெரியாத வீட்டில் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலை நீட்டிப் படுப்பது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புடவையை இழுத்து இழுத்துக் கணுக்காலை மூடினேன். மேலே சீலிங்கில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பற்றிச் சொன்னேன். பிறகு ரயிலில் பார்த்ததைச் சொன்னேன். பிறகு சொல்ல எதுவும் இல்லை. அந்த அம்மாவும் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் இருவரும் அப்படியே இருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை.

இந்த வைத்தியத்துக்குப் போகிறவர்கள் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இந்த மௌனத்தைத்தான். ஆலோசனை வரும் என்று காத்திருப்போம். வராது. பிள்ளையை எப்படி வளர்ப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணலாமா, எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் கேள்வி கேட்டால் அந்த அம்மா, "அதக் கேக்கணும்னு ஏன் தோணுச்சு?" என்று திருப்பிக் கேட்பார். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஓட வேண்டும். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் சேலம். ஒரு புதன்கிழமை சிக்னலுக்காக ரயில் வழியிலேயே நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு பத்து. திவானில் படுத்து மூச்சு வாங்கி, பாதிப் பேச்சில் இருந்தேன். "நேரமாச்சுங்க" என்று அந்த அம்மா எழுந்தார். மணி ஆறு முப்பத்தைந்து. ரயில் தாமதத்துக்காக ஐந்து நிமிடம்கூடச் சேர்த்துக் கொடுக்கவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாரும் காத்திருக்கவும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, இந்த அம்மாவின் முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மறுபடி போனேன்.

வீட்டில் என் கணவருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. கெட்டவர் அல்ல. மகளுக்குப் புதன்கிழமைகளில் அவர்தான் தோசை ஊற்றிக் கொடுத்தார். ஆனால் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"பேசறதுக்கா அவ்ளோ தூரம் போற? எங்கிட்ட பேசலாமில்ல?"

"உங்ககிட்ட பேசுனா நீங்க பதில் சொல்வீங்க."

"பதில் சொன்னா தப்பா?"

"தப்பில்லைங்க. ஆனா அதுக்கப்பறம் நான் உங்க பதிலுக்குப் பதில் சொல்லிட்டு இருப்பேன்."

அவர் எழுந்து போய்விட்டார். நான் சொன்னது எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் புரிந்தது. பள்ளியில், சேலத்தில் பல் வைத்தியம் நடக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். ஒன்றரை வருடம் நடக்கும் பல் வைத்தியத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஐந்தாவது மாதம் ஒன்று நடந்தது. சனிக்கிழமை காலை. என் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயதில் அவன் பிறந்தான். அதியமான்கோட்டையில் எங்கள் வீடு. அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, அவனைத் தூங்க வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். பாதி நாள் போகவே மாட்டேன். இடுப்பெலும்பின் மேல் காய்த்துப் போயிருந்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி நிறுத்தியபோது பின்னாலிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது.

அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் எழுப்பவில்லை. அசையாமல் படுத்திருந்தேன். சிறிது நேரத்தில் குறட்டை நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது. வழக்கம்போல "நேரமாச்சுங்க" என்ற குரல் வந்தது. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மூன்று முறையும் போய், மழையைப் பற்றியும் பரீட்சைத் தாள் திருத்துவதைப் பற்றியும் பேசினேன். உள்ளே கொதித்தது. எவ்வளவு கொதித்தாலும் பெரியவர்களை எதிர்த்துக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

நான்காவது முறை அந்த அம்மாவே, "ரெண்டு வாரமா நீங்க இங்க இல்லைங்க" என்றார்.

என் வாயிலிருந்து வந்துவிட்டது. "நீங்க தூங்கிட்டீங்க. நான் என் தம்பியைத் தூக்குன கதைய சொன்னப்ப தூங்கிட்டீங்க."

மறுக்கப்போகிறார், அல்லது "ஏன் அப்படித் தோணுச்சு" என்று திருப்பிவிடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஆமாங்க. தூங்கிட்டேன். என் தப்பு. நீங்க சொன்னதுல பாதிய நான் கேக்கல" என்றார்.

என் வாழ்க்கையில் எனக்கு மூத்தவர் ஒருவர் என்னிடம் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நாற்பத்தொரு வயது. நான் அழுதேன். ஆறுதலில் அழவில்லை. இவ்வளவு சுலபமாக நாலு வார்த்தையில் முடிகிற ஒன்றை வேறு யாரும் ஏன் செய்யவில்லை என்ற எரிச்சலில்தான் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பெரியம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா. கடத்தூரில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு மூன்று வயதானபோது என்னை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் அங்கே வளர்ந்தேன். அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டேன். எட்டு வயதில் ஒருநாள் என்னைத் திரும்ப அதியமான்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இனிமேல் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். கூப்பிட்டேன். இதை நான் திவானில் படுத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைப் போல ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

"ஏன் திரும்ப வந்தீங்க?"

"பெரியம்மாவுக்கு என்னை வெச்சிருக்கப் புடிக்கல. அடம் புடிச்சேனாம். சலிச்சுப் போய்த் திருப்பி அனுப்பிட்டாங்க."

"யார் சொன்னாங்க?"

"எங்கம்மா."

அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்: "உங்க பொண்ணு, அத்தை வீட்டுலயே இருந்துக்கறேன்னு சொன்னப்பதான் அடிச்சீங்க."

ஏழு மாதம் கழித்து வந்த ஒரு வாக்கியம். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். களைத்துப்போன, சாதாரண முகம். ரயிலில் திரும்பும்போது எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. முதல் நாளே தெரிந்திருக்குமே, சொல்லியிருந்தால் என்ன என்று தோன்றியது. முதல் நாள் சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டு வந்திருப்பேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மறு ஞாயிறு கடத்தூருக்குப் பஸ் ஏறினேன். பெரியம்மா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. பெரியப்பா மட்டும் இருந்தார். கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். கயிற்றுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"பெரியப்பா, என்னை ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நாங்க எங்கம்மா அனுப்புனோம்? உங்கம்மாதான் வந்து கூட்டிட்டுப் போனா. உன் தம்பி பொறந்து அம்பது நாள் இருக்கும். கைப்புள்ளயப் பாத்துக்க ஆள் வேணும்னா. உங்க பெரியம்மா கால்ல வுழுந்தா. ஒரு வருஷம் பொறுத்துக்கோடி, நானே வந்து அந்தப் புள்ளயப் பாத்துக்கறேன்னா. உங்கம்மா கேக்கல."

அவரே தொடர்ந்தார்.

"அப்பறம் மூணு தடவ பஸ் ஏறி வந்தா. உன் பள்ளிக்கூடத்துக்கு எதுக்க ஒரு கடை இருந்துச்சில்ல, அங்க நின்னு உன்னைப் பாத்துட்டு வந்துருவா. மூணாவது தடவ உங்கம்மா கண்ணுல பட்டுட்டா. புள்ள மனசக் கெடுக்காதன்னு ரோட்டுலயே சத்தம் போட்டா. அதோட போறத நிறுத்திட்டா."

"எனக்குத் தெரியாதுங்க பெரியப்பா."

"உனக்கு எப்படித் தெரியும். சின்னப் புள்ள." என் கையைத் தடவிப் பிடித்தார். "கடைசியா படுக்கையில இருந்தப்ப உன்னைக் கேட்டா. ஸ்கூல் இருக்குது, லீவுல வருவான்னு சொல்லி வெச்சேன்."

பெரியம்மா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் எனக்குத் தெரியும். என் மாமியார்கூட ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என்னை வேண்டாம் என்று அனுப்பியவளை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று போகவில்லை. இறந்த அன்று போனேன். சொந்தக்காரர்களில் ஒருத்தியாக மாலை போட்டு, ஓரமாக உட்கார்ந்து, எடுத்த பிறகு மதிய பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அழுத்தக்காரி என்று என் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் சேலத்து அம்மா மே மாத விடுமுறைக்குப் போயிருந்தார். ஒரு மாதம். ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார், எனக்குத்தான் அது பொருட்டாகப் படவில்லை. கடத்தூரிலிருந்து திரும்பியதும் எனக்குச் சொல்ல ஆள் இல்லை. புதன்கிழமை ஐந்தேமுக்காலுக்கு நான் அடுக்களையில் நின்றுகொண்டு, பூட்டிக்கிடக்கும் அந்த வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே போயிருப்பார், யாரோடு இருப்பார் என்று வெறி பிடித்ததுபோல் யோசித்தேன். கட்டிய புருஷனைப் பற்றிக்கூட நான் அப்படி யோசித்ததில்லை. இப்படி வரும் என்றும் யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை.

அவர் இருந்திருந்தால் திவானில் படுத்துப் பேசியிருப்பேன். இல்லாததால் அம்மாவிடம் போனேன்.

அம்மா இப்போதும் அதியமான்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். நான் போனபோது புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே எதிரில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா என்னைத் திருப்பி அனுப்பலையாமே."

அம்மாவின் கை நிற்கவில்லை. "யார் சொன்னது?"

"பெரியப்பா."

"அவருக்குக் கண்ணும் தெரியல, புத்தியும் சரியில்ல."

"என்னை ஏம்மா கூட்டிட்டு வந்த?"

"எம்புள்ள, கூட்டிட்டு வந்தேன். கேக்கறதுக்கு என்ன இருக்குது."

"அப்ப மூணு வயசுல ஏன் குடுத்த?"

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குச் சோறு போடலியா? படிக்க வெக்கலியா? டீச்சர் வேலைக்கு யாரு அனுப்புனா? இத்தன வருஷம் கழிச்சு வந்து கோர்ட்டுல நிக்கற மாதிரி கேக்கற. அந்தச் சேலத்துக்காரி சொல்லிக் குடுத்து அனுப்புனாளா?" நான் சேலம் போவது என் கணவர் சொல்லி அவளுக்குத் தெரியும்.

"அவங்க எதுவுமே சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்பறம் எதுக்குப் போற?"

சேலத்து அம்மாவைப் போல அவளும் ஆமாம், ஆள் வேணும்னுதான் கூட்டிட்டு வந்தேன், வேற வழி தெரியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்துபோய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்திருப்பேன். அன்று அவளுக்கும் முப்பது வயதுகூட ஆகியிருக்காது, கைக்குழந்தையும் காட்டு வேலையுமாக இருந்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் புளியங்கொட்டைகளைத் தனியாகத் தள்ளிவிட்டு, "சாப்பிட்டுப் போ" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மாலையில் தம்பி போன் செய்தான். "அம்மாவ அழ வெச்சிட்டியாமே" என்றான்.

ஜூனில் சேலத்து அம்மா திரும்பி வந்தார். முதல் இரண்டு முறை நான் போகவில்லை. அந்த ஐம்பது நிமிடமும் எனக்காகக் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார். மூன்றாவது முறை போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் இல்லாமல் போனதால்தான் நான் அம்மாவிடம் போய் அவமானப்பட்டேன் என்றேன். உங்களுக்கென்ன, ஜாலியாக ஊர் சுற்றிவிட்டு வருகிறீர்கள் என்றேன். ஒரு டீச்சர் பேசும் பேச்சாக அது இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "பெரியம்மா மேல காட்ட முடியாததையும் சேத்துக் காட்டுறீங்க. காட்டுங்க" என்றார்.

இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. உண்மை தெரிந்துவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. செத்துப்போனவளிடம் போய்ச் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவள் கேட்க மாட்டாள். முன்பு எனக்குக் காரணம் தெரியாத துக்கம் இருந்தது, இப்போது காரணம் தெரிந்த துக்கம் இருக்கிறது. இதற்குத்தான் வாரம் இரண்டு முறை ரயில் ஏறினாயா என்று என் கணவர் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரிம்மா என்றாள். அதை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் மேல் கையை ஓங்கவில்லை, அது மட்டும்தான்.

போன தையில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வைத்தார்கள். தம்பி போன் செய்தான்.

"ஒரு வாரம் நீதான் கூட இருக்கணும். லீவு போட்டுரு. எனக்கும் அவளுக்கும் லீவு கெடைக்காது."

கேட்கவில்லை, சொன்னான். நாற்பது வயதுவரை இப்படி வந்த எந்தப் போனுக்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவன் கல்யாணத்துக்கு, அவன் மனைவியின் பிரசவத்துக்கு, அவன் புது வீடு கட்டியபோது ஆட்களுக்குச் சமைத்துப்போட.

"என்னால முடியாதுப்பா. நீ லீவு போட்டுக்கோ. நான் வந்து பாக்கறேன்" என்றேன்.

அவனுக்கு நான் சொன்னது விளங்கவில்லை என்று நினைக்கிறேன். "பெத்த தாயிக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றான். செய்ய மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்றும் வாய் வரவில்லை. அவனே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

இந்தச் செய்தியைச் சேலத்தில் பெரிய வெற்றியைப் போலச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அந்த அம்மா "ம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆப்பிள் பையை ஸ்டூலில் வைத்தேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எந்தக் கிளாஸ் போற சாமி?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் அவளோடுதான் பேசினாள். நான் சொட்டு மருந்து விடும் நேரத்தைச் சீட்டில் பார்த்து, லீவு போட்டு வீட்டிலிருந்த தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.